குடியேறியவரின் உரிமையும் அமைதியான ஊர்வலமும்



கடல் கடந்து பிழைக்கப் போன பிள்ளைகள் இல்லாத தெரு நம் பங்கில் இன்று அநேகமாய் இல்லை. ஆகையால் குடியேறியவர்களைப் பற்றிய பேச்சு நமக்கு அந்நியமான பேச்சு அல்ல. ஆனாலும் இந்த விஷயத்தில் நம் வீடுகளில் பெரியவர்கள் புத்திமதியாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "பிழைக்கப் போன இடத்தில் வாயைத் திறக்கலாமா? வந்த வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதானே!" அந்த வார்த்தையில் உலக அநுபவம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. முழுச் சத்தியமும் இருக்கிறதா என்பதே கேள்வி. அந்நிய நாட்டில் இருப்பவனுக்கு அந்நாட்டுச் சர்க்காரிடம் கேட்பதற்கு ஏதாவது உரிமை உண்டா? உண்டென்றால், அதைப் பத்துப்பேரோடு சேர்ந்து, தெருவில் நின்று, உரக்கக் கேட்கலாமா?

இதைப் படிப்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டை எடுத்துக்கொள்ளுவோம். அங்கே இந்தக் கேள்விகள் பலமுறை நியாயஸ்தலம் ஏறித் தீர்ப்பாகியிருக்கின்றன. 2006-ம் ஆண்டில் அந்நாட்டுத் திருச்சபையே இதில் இறங்கிப் பேச வேண்டியதும் ஆயிற்று.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1791-ல் சேர்க்கப்பட்ட முதல் திருத்தம் ஐந்து சுதந்திரங்களைக் காக்கிறது. அவை: வேத சுதந்திரம், பேச்சு, பத்திரிகை, அமைதியாய்க் கூடுவது, குறைதீர்க்கும்படி சர்க்காரிடம் விண்ணப்பம் செய்வது. 1868-ல் வந்த பதினான்காம் திருத்தம், சட்டத்தின் சமமான பாதுகாப்பை யாருக்கும் மறுக்கலாகாது என்கிறது. அங்கே பிரஜை என்ற சொல்லும் வருகிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பைச் சொல்லும் இடத்தில் மட்டும் "ஆள்" என்றே எழுதியிருக்கிறார்கள். ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு வண்ணான் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனான்.

சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் சீனர்கள் சலவைக் கடைகள் வைத்துப் பிழைத்துவந்தார்கள். மரக்கட்டடத்தில் சலவைக் கடை நடத்துகிறவர்கள் நகரசபையின் அநுமதி பெற வேண்டுமென்று 1880-ல் ஒரு கட்டளை பிறந்தது. காரணம் தீ விபத்து என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அநுமதி கேட்ட சீனர்கள் ஏறக்குறைய 200 பேருக்கும் இல்லையென்று சொல்லிவிட்டு, சீனரல்லாத 80 பேரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்கள்! 22 வருஷமாக ஒரே இடத்தில் கடை நடத்திய யிக் வோ என்ற சீனருக்கு 10 டாலர் அபராதம். கட்டவில்லை, சிறைக்குப் போனார். அந்தக் காலத்தில் சீனர் ஒருவர் அமெரிக்கப் பிரஜையாக மாறுவதற்குச் சட்டத்தில் வழியே கிடையாது. அப்படிப்பட்டவரின் வழக்கில்தான் 1886-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் எல்லாரும் ஒருமனதாய், சட்டத்தின் பாதுகாப்பு அந்த மண்ணில் நிற்கும் எந்த ஆளுக்கும் உண்டு, பிரஜைக்கு மட்டுமல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். எழுத்தில் நியாயமாயிருக்கும் சட்டத்தை ஓரவஞ்சனையாய் நடத்தினால் அதுவும் அநியாயமே என்றும் சொன்னார்கள்.

பேச்சுரிமைக்கும் ஒரு வழக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஹாரி பிரிட்ஜஸ் என்பவர் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளரின் தலைவர். 1934-ல் மேற்குக் கரைத் துறைமுகங்களையெல்லாம் நிறுத்திவைத்த பெரிய வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர். அவரைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லி நாடுகடத்தச் சர்க்கார் பல வருஷங்கள் முயன்றது. 1945-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த நாடுகடத்தல் கட்டளையைத் தள்ளியது. அந்நாட்டில் குடியிருக்கும் அந்நியருக்கும் பேச்சு சுதந்திரமும் பத்திரிகை சுதந்திரமும் உண்டென்று தீர்ப்பில் எழுதியது. அவருடைய கொள்கை நமக்குப் பிடித்ததா இல்லையா என்பது இங்கே கேள்வியல்ல. பிடிக்காதவனுடைய வாயை அடைக்க ஒரு கதவைத் திறந்துவிட்டால், நாளைக்கு அதே கதவு வழியாய் நம்மிடமும் வருவார்கள்.

மூன்றாவது வழக்கு குழந்தைகளைப் பற்றியது. தாய் தகப்பன்மார் வாசித்து யோசிக்க வேண்டிய வழக்கு. டெக்ஸாஸ் ராஜ்யத்தில் 1975-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அதை வைத்து டைலர் என்ற ஊரின் பள்ளிக்கூட நிர்வாகம், குடியேற்றப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் சர்க்கார் பள்ளியில் படிக்க வேண்டுமானால் தலைக்கு 1,000 டாலர் வருஷத்துக்குக் கட்ட வேண்டும் என்று சொல்லிற்று. கூலிவேலை செய்கிறவன் எங்கே போவான்? நான்கு மெக்ஸிகக் குடும்பங்கள் 1977-ல் வழக்குத் தொடுத்தன. அவர்களில் ஒரு குடும்பத்துக்கு வக்கீலைக் காட்டிக்கொடுத்தவர் நம் சபையின் ஊழியர் ஒருவர். பெற்றோர் கோர்ட்டுக்கு வந்தால் அங்கேயே பிடித்து நாடுகடத்திவிடுவார்களோ என்ற பயம். ஆகையால் ஊர் விழிக்குமுன் காலை 6 மணிக்கே நீதிபதி விசாரணையை வைத்தார். ஒரு குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் மோட்டாரில் ஏற்றிக்கொண்டே கோர்ட்டுக்கு வந்ததாம். பிடிபட்டால் அப்படியே எல்லையைத் தாண்டிப் போகலாம் என்று. பிள்ளைக்கு எழுத்தறிவு கிடைக்க வேண்டுமென்று வீட்டையே விட்டுவிடத் துணிந்த அந்தத் தாயையும் தகப்பனையும் நம் வீடுகளில் நினைத்துப் பார்க்க வேண்டும். 1982 ஜூன் 15-ல் சுப்ரீம் கோர்ட்டு ஐந்து நீதிபதிகளுக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: பெற்றோர் செய்ததற்காகப் பிள்ளையின் படிப்பைப் பறிக்கலாகாது. ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால், லட்சக்கணக்கான பிள்ளைகள் தெருவில் நின்றிருப்பார்கள்.

இனி 2006-ம் ஆண்டுக்கு வருவோம்.

அமெரிக்காவில் அப்போது உரிய பத்திரங்களின்றி வசித்தவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருந்தார்கள். 2005 டிசம்பர் 16-ல் ஜனப்பிரதிநிதி சபை, 239-க்கு 182 என்ற வாக்குகளால் ஒரு மசோதாவை நிறைவேற்றிற்று. பத்திரமின்றி அந்நாட்டில் இருப்பதே பெருங்குற்றம் என்றாக்குவது அதில் ஓர் அம்சம். அதுவரை, விசா முடிந்தபின் தங்கிவிடுவது நாடுகடத்தலுக்குரிய தவறேயன்றிச் சிறைக்குரிய குற்றமல்ல. அப்படிப்பட்டவர் தொடர்ந்து தங்குவதற்குத் தெரிந்தே உதவி செய்கிறவரையும் ஐந்து வருஷம் வரையில் சிறையில் அடைக்கலாம் என்பது இன்னோர் அம்சம். இதில்தான் திருச்சபை திடுக்கிட்டது. பசியென்று வந்தவனுக்குக் கஞ்சி ஊற்றுகிற பங்குப் பெண்கள், நோயாளியைத் தங்கவைக்கிற கன்னியாஸ்திரீகள் ஆகியோரும் இதில் அகப்படுவார்களா? அவர்களைக் குறிவைத்ததல்ல, ஆள் கடத்துகிறவர்களைக் குறிவைத்ததே என்று மசோதாவை ஆதரித்தவர்கள் சொன்னார்கள். ஆனால் மசோதாவின் வாசகம் அவ்வளவு அகலமாக இருந்தது.

லாஸ் ஏஞ்சலிஸ் அதிமேற்றிராணியாராயிருந்த கர்தினால் ரோஜர் மஹோனி 2006 மார்ச் 1-ந் தேதி, விபூதிப் புதனன்று, தம் மக்களைப் பார்த்து அந்தத் தபசுகாலத்தை நியாயமான குடியேற்றச் சட்டத்துக்காகச் செபத்திலும் ஒருசந்தியிலும் செலவழிக்கும்படி கேட்டுக்கொண்டார். உதவி செய்யுமுன் பத்திரத்தைக் காட்டு என்று கேட்கும்படி சட்டம் கட்டாயப்படுத்தினால், அதற்குக் கீழ்ப்படிய வேண்டாமென்று தம் குருக்களுக்குச் சொல்லப்போவதாகவும் அறிவித்தார். (இதே கர்தினால், சிறுவர்களுக்குத் தீங்கிழைத்த குருக்களின் விஷயத்தை நடத்திய விதத்துக்காக 2013-ல் பொதுப் பணிகளிலிருந்து விலக்கப்பட்டார். அதை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையல்ல. ஆனாலும் 2006-ல் அவர் சொன்னது சரியே.)

இங்கே ஞானோபதேச வகுப்பில் எழக்கூடிய இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போவோம்.

வினா: சட்டத்தை மீறும்படி ஒரு மேற்றிராணியார் போதிக்கலாமா?

விடை: சட்டத்துக்குக் கீழ்ப்படிவது மனச்சாட்சியின் கடமை. ஆனால் பிறர்சிநேகக் கிரியையைக் குற்றமென்று சொல்லும் கட்டளைக்கு அந்தக் கடமை எட்டாது. நியாயத்துக்கு மாறான சட்டம் சட்டமென்ற பெயருக்கே தகுதியற்றது என்பது அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் காலத்திலிருந்தே நம் சாஸ்திரிகளின் போதனை. ஒரு நிபந்தனை உண்டு: மீறுகிறவன் ஒளிந்துகொண்டு மீறாமல் வெளிப்படையாய் மீறி, வரும் தண்டனையை ஏற்கத் தயாராயிருக்க வேண்டும். கர்தினால் பேசியது பலரறியப் பேசியதே.

வினா: அப்படியானால் எல்லையைக் காக்கச் சர்க்காருக்கு அதிகாரமில்லை என்று திருச்சபை சொல்லுகிறதா?

விடை: இல்லை. அமெரிக்க மேற்றிராணிமாரும் மெக்ஸிக மேற்றிராணிமாரும் சேர்ந்து 2003-ல் எழுதிய மேய்ப்புநிருபம், நாடுகளுக்குத் தங்கள் எல்லையைக் காக்கும் உரிமை உண்டென்று தெளிவாய் ஒப்புக்கொள்ளுகிறது. அதே மூச்சில், பிழைக்க வழியற்றவனுக்குக் குடிபெயரும் உரிமை உண்டென்றும், பத்திரம் இல்லாதவனுக்கும் மனித மகிமை குறையாதென்றும் போதிக்கிறது. பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1952-ல் எழுதிய சாசனத்தில், எஜிப்துக்கு ஓடிப்போன திருக்குடும்பத்தையே குடிபெயர்ந்தோர் எல்லாருக்கும் மாதிரியாக வைத்தார். 23-ம் அருளப்பர் 1963-ல் வெளியிட்ட சமாதான நிருபத்தில் குடிபெயரும் உரிமை, கூட்டங் கூடும் உரிமை ஆகிய இரண்டும் மனித உரிமைகளின் வரிசையில் இடம்பெறுகின்றன.

கூட்டங் கூடும் உரிமை எப்படி வந்து சேருகிறது என்று பாருங்கள். சட்டசபையில் தனக்கு விரோதமான மசோதா வருகிறது. பிரஜையானால் அடுத்த தேர்தலில் வாக்குப் போட்டுப் பதில் சொல்லுவான். குடியேறியவனுக்கு வாக்கு இல்லை. பத்திரிகைக்காரன் அவனைத் தேடி வருவதில்லை. பெரிய மனிதர் பழக்கமும் இல்லை. மிஞ்சியிருப்பது அவனுடைய இரண்டு கால்களும் குரலுமே. அவற்றையும் பறித்துவிட்டால் சட்டப் புத்தகத்தில் அவனுக்கு என்ன உரிமை எழுதியிருந்தாலும் அது ஊமைக்குக் கொடுத்த பாட்டுப்புத்தகமாகிவிடும்.

ஆகவே நடந்தார்கள். மார்ச் 10-ந் தேதி சிகாகோவில் போலீஸார் கணக்குப்படியே 1 லட்சம் பேர். மார்ச் 25-ந் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் 5 லட்சம் பேர்! ஏப்ரல் 10-ல் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில். இதற்கு ஜனங்களைத் திரட்டியவர்களில் முக்கியமானவர்கள் ஸ்பானிய மொழி வானொலி அறிவிப்பாளர்கள். காலையில் வேலைக்குப் போகும் கூலிக்காரர் கேட்கும் நிகழ்ச்சிகள் அவை. அவர்கள் சொன்ன ஏற்பாடுகளைக் கவனியுங்கள்: வெள்ளைச் சட்டை போட்டு வாருங்கள், அமெரிக்கக் கொடியைக் கொண்டுவாருங்கள், பிள்ளைகுட்டிகளோடு வாருங்கள், குப்பை போடாதீர்கள், போட்டதை அள்ளிக்கொண்டு போகப் பை கொண்டுவாருங்கள். நம் ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் கோவில் மைதானம் கிடக்கும் கோலத்தை நினைத்தால், இந்தக் கடைசி ஏற்பாடு ஒன்றே பெரிய பாடம். ஐந்து லட்சம் பேர் நடந்த அந்த நாளில் குறிப்பிடத்தக்க கலகம் எதுவும் இல்லை.

அமைதி அவர்களுக்கு அழகு மட்டுமல்ல, கவசமும்கூட. அந்நாட்டுச் சட்டப்படி ஊர்வலத்தின் நேரம், இடம், முறை ஆகியவற்றுக்குச் சர்க்கார் ஒழுங்கு விதிக்கலாம். பேசப்படும் கருத்துக்காகத் தடை செய்யலாகாது. கல்லெறிந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பிரஜை கல்லெறிந்தால் ஓர் இரவு காவலில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போவான்; அந்நியன் எறிந்தால் நாட்டைவிட்டே போக நேரிடும்.

மே 1-ந் தேதிக்கு இன்னொரு யோசனை வந்தது: அன்று யாரும் வேலைக்கோ, பள்ளிக்கோ, கடைக்கோ போகக்கூடாது, நம்மில்லாமல் நாடு எப்படி நடக்கும் என்று காட்டுவோம் என்றார்கள். கர்தினால் இதற்கு உடன்படவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகட்டும், வேலையாட்கள் வேலைக்குப் போகட்டும், அதன்பின் ஊர்வலத்துக்கு வரட்டும் என்றார். என் எண்ணத்தில் அது விவேகமான வார்த்தை. ஊர்வலங்களுக்குப் போனதற்காக வேலை இழந்தவர்கள் அந்த மாதங்களில் பல ஊர்களிலும் இருந்தார்கள். அந்த நஷ்டத்தை வீட்டில் சுமந்தவர்கள் அவர்களுடைய மனைவி மக்களே.

பலன் என்ன? அந்த மசோதா செனட் சபையில் எடுபடாமல் மடிந்தது. மே 25-ல் செனட் 62-க்கு 36 என்ற வாக்கில் வேறொரு மசோதாவை நிறைவேற்றிற்று; அது பலருக்குப் பிரஜா உரிமைக்கு வழி திறப்பது. ஆனால் இரு சபைகளும் ஒத்துப்போகவில்லை, அதுவும் சட்டமாகவில்லை. அக்டோபரில் எல்லையில் நூற்றுக்கணக்கான மைல் வேலி போடும் சட்டந்தான் வந்தது. ஊர்வலம் போனால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. வரவிருந்த கேட்டைத் தடுத்தார்கள். வேண்டிய நன்மையைப் பெறவில்லை. சூப் கொடுக்கும் பங்குப் பெண்கள் சிறைக்குப் போகும் பயமின்றிக் கொடுத்தார்கள். அது சின்ன விஷயமல்ல.

மறு வருஷம் 2007 மே 1-ந் தேதி, அதே லாஸ் ஏஞ்சலிஸில் மக்கார்தர் பூங்காவில் குடியேறியவர்கள் கூடியிருந்தார்கள். ஓரத்தில் சிலர் போலீஸார்மேல் போத்தல்களையும் மற்றதையும் எறிந்தார்கள். அந்தச் சிலரைப் பிடிப்பதற்குப் பதிலாய், போலீஸார் வரிசையாய்ப் பூங்காவுக்குள் இறங்கித் தாய்மார், பிள்ளைகள், பத்திரிகை நிருபர் என்று பாராமல் தடியாலும் ரப்பர் குண்டாலும் எல்லாரையும் விரட்டினார்கள். கலைந்துபோகச் சொல்லும் உத்தரவு ஹெலிகாப்டரிலிருந்து வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். கீழே நின்றவர்களோ ஸ்பானியம் பேசுகிறவர்கள்! பிறகு போலீஸ் இலாகாவே விசாரித்துத் தன் அதிகாரிகளின் தவறுகளை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 2009-ல் நகரசபை ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சம்மதித்தது. பத்திரம் இல்லாதவர்களும் இருந்த கூட்டம் அது. இருந்தும் அவர்களை அடித்தது தவறு, ஈடு செய்யவேண்டும் என்று ஒரு பெரிய நகரம் ஒப்புக்கொண்டது. யிக் வோ சிறைக்குப் போனது வீண் போகவில்லை.

இவ்விடத்தில் நம் நாட்டுச் சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்திய அரசியல் சட்டத்தின் 14, 21-ம் ஷரத்துகள் தரும் சமத்துவமும் உயிர்ப் பாதுகாப்பும் எந்த ஆளுக்கும் உண்டு, அந்நியனுக்கும் உண்டு. ஆனால் ஆயுதமின்றி அமைதியாய்க் கூடும் உரிமையைத் தரும் 19-ம் ஷரத்து பிரஜைகளுக்கு மட்டுமே. இதை அறிந்திருப்பது நல்லது. நம் பிள்ளைகளுக்கு அங்கே வேண்டுமென்று கேட்கிற உரிமை, நம் ஊரில் கட்டடவேலைக்கு வந்த அந்நிய நாட்டானுக்கு இருக்கிறதா என்று கேட்கும்போது மனம் கொஞ்சம் தயங்குகிறது. வீட்டில் பேசிப் பாருங்கள்.

இந்த வரலாறு முடிந்த கதையல்ல. 2025 ஜனவரியில் புதிய சர்க்கார், கோவில், பள்ளி, ஆஸ்பத்திரி முதலிய இடங்களில் குடியேறியவரைக் கைதுசெய்வதைக் கட்டுப்படுத்திய பழைய விதிகளை நீக்கிற்று. ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் பெருந்தேடுதல்கள் நடந்தன. எதிர்த்து ஜனங்கள் கூடினார்கள். பெரும்பாலோர் அமைதியாய் நின்றார்கள். சிலர் வண்டிகளைக் கொளுத்தினார்கள். உலகமெங்கும் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது எரிந்த வண்டிகளையே. ராஜ்ய கவர்னர் வேண்டாமென்று சொல்லியும் பட்டாளத்தார் இறக்கப்பட்டார்கள். 2006-ல் குப்பைப் பை கொண்டுவரச் சொன்னவர்களின் புத்தி இப்போது நன்றாய் விளங்கும். அவ்வருஷம் நவம்பரில் பால்டிமோரில் கூடிய அமெரிக்க மேற்றிராணிமார், மிகப் பெரும்பான்மையாய், பாகுபாடின்றி ஜனங்களைத் திரளாய் நாடுகடத்துவதை எதிர்த்துச் செய்தி வெளியிட்டார்கள்.

அதற்கு முன்னமே, லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே இருக்கும் சான் பெர்னார்டினோ மேற்றிராசனத்தில் இரண்டு பங்குகளின் கோவில் வளாகத்துக்குள்ளேயே அதிகாரிகள் புகுந்து ஆட்களைப் பிடித்திருந்தார்கள். அதன் மேற்றிராணியார் ஆல்பெர்ட்டோ ரோஹாஸ் மெக்ஸிகோவில் பிறந்து குடியேறியவர். 2025 ஜூலை 8-ந் தேதி அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். பிடிபடுவோம் என்ற உண்மையான பயம் உள்ளவர்கள் ஞாயிறு திவ்விய பூசைக்கு வரவேண்டிய கடமையிலிருந்து விலக்கப்படுகிறார்கள் என்பதே அது. கொள்ளைநோய்க் காலத்தில் அப்படிப்பட்ட விலக்கைப் பல இடங்களிலும் கண்டோம். இங்கே கொள்ளைநோய் இல்லை. கோவில் கதவு திறந்திருந்தது, பீடத்தில் மெழுகுவர்த்தி எரிந்தது. வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே செபமாலை சொல்லி, வேதாகமம் வாசித்துச் சர்வேசுரனோடு ஒன்றித்திருக்கும்படி அவர் அந்த ஆணையில் கேட்டுக்கொண்டார்.